பெயர் விலாசம் தெரியாத ஆண், சுமார் 65 வயது

முதியோர் இல்லத்தில் கணக்கு எழுதுபவர், திருச்சி

ஞாபகம் தப்பியவர்களை நேரில் சந்தித்த அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது இன்னும் முடியவில்லை. முடியாததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களில் யாருக்காவது ஏதாவது பிடிபட்டால் அந்த மனிதருக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் சம்பளத்துக்கு வேலை செய்பவள் இல்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் நான்கு நாள் போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பத்தொன்பது நாளுக்கு முன்பு ஒரு ராத்திரி, ரயில்வே போலீஸார் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து விட்டார்கள். நடைமேடையில் வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். எங்கே போகவேண்டும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவர்கள் கொடுத்த காகிதத்தில் "பெயர் விலாசம் தெரியாத, சுமார் 65 வயது மதிக்கத்தக்க ஆண்" என்று இருந்தது. அதைப் பதிவேட்டில் எழுதும்போது என் கை நின்றுவிட்டது. பெயர் என்ற கட்டத்தில் அதுவரை கோடு போட்டதே இல்லை.

வெள்ளை வேட்டி, நீல அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு இருபது ரூபாய் நோட்டு, வாடிய வெற்றிலை, ஒரு சாவி. டிக்கெட் இல்லை, போன் இல்லை. சாவியில் சிவப்பும் பச்சையுமாகத் தடித்த நூல் ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது.

பெயர் கேட்டால் "பேரா?" என்பார். கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார். அப்புறம் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அதற்கு மேல் கேட்க மனசு வராது. முருகனா என்றால் ஆமாங்க. பழனிச்சாமியா என்றால் அதற்கும் ஆமாங்க. ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கும்பகோணத்துக்கும் தலையாட்டினார், தூத்துக்குடிக்கும் தலையாட்டினார். எங்கள் பணியாளர் ஒருவர் "நடிக்கிறார் மேடம்" என்று சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிக்கிறவர் ஏதாவது ஒரு பெயரையாவது மறுத்திருப்பார்.

மூன்றாம் நாள் ராத்திரிதான் எல்லாருக்கும் பயம் வந்தது. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "நோம்பிக்குள்ள அறுக்கோணும். அறுத்தாத்தான் காசு" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காவலாளி ஓடிவந்து பார்த்தபோது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் சமையலறை அரிவாள்மனையைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் வேறு அறை கேட்டார். யாரையாவது ஏதாவது செய்துவிட்டு வந்தவரோ என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதை நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது என் கையும் லேசாக நடுங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

பேச்சு கொங்குப் பக்கம் என்பது வரை எனக்குப் புரிந்தது. என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுகிறார். பண்டிகையை நோம்பி என்கிறார். ஆனால் கொங்குநாடு என்றால் கோவையா, ஈரோடா, கரூரா, தாராபுரமா? அறுக்கவேண்டும் என்பதை வைத்து விவசாயி என்று நினைத்தோம். உள்ளங்கையைப் பார்த்தால் மண்வெட்டி பிடித்த கையாகத் தெரியவில்லை.

இன்னும் மூன்று விஷயம் சொல்லவேண்டும். தூக்கத்தில் இவருடைய கால்கள் அசைகின்றன. துடிப்பு இல்லை, நடுக்கம் இல்லை. ஒரு கால் அழுத்தும், அது எழும்போது மறுகால் அழுத்தும், சீராக. தையல்காரராக இருக்குமோ என்று பக்கத்து வீட்டு மிதி மிஷினைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். ஆர்வமாகத்தான் உட்கார்ந்தார். ஒரு காலை அழுத்தி மறுகாலைத் தூக்கினார். மிஷின் இடறி நின்றது. காலை இழுத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார்.

இரண்டாவது, பெஞ்சில் உட்கார்ந்தால் எப்போதும் வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருகிறார். வலதுகையை அந்தப் பக்கமாக விசுக்கென்று நீட்டுவார். அப்புறம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் காத்திருப்பார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

மூன்றாவது பெரிய விஷயமில்லை. நடக்கும்போது இடதுகால் செருப்பு அடிக்கடி கழன்று பின்னால் கிடக்கிறது. இரண்டு ஜோடி மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், மதுரைப் பக்கம்

அம்மா, அந்தக் காகிதத்தில் இருக்கும் வரியை என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பாதிக்குமேல் பிணத்துக்காக எழுதியது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அதை எழுதுவது வேறு விதமான பாரம்.

சட்டைக் காலரின் உள்பக்கத்தைப் பாருங்கள். தையல்கடைப் பெயர் இருந்தால் ஊர் கிடைத்துவிடும். வேட்டி ஓரத்தில் சலவைக்குறி இருக்கிறதா பாருங்கள். இருபது வருஷத்துக்கு முன்பு பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாளைக் கண்டெடுத்தோம். வாயே திறக்கவில்லை. சேலை ஓரத்தில் மையால் போட்ட மூன்று புள்ளியும் ஒரு கோடும் இருந்தது. அந்தக் குறியைச் சலவைக்காரர்களிடம் காட்டிக் காட்டி நாலாவது ஊரில் ஒரு பெரியவர் "இது என் மருமகன் போடுற குறி" என்றார். அன்று சாயங்காலமே அந்த அம்மாளின் மகன் வந்து நின்றான். இப்போது எல்லார் வீட்டிலும் வாஷிங் மிஷின். அந்தத் துப்பு போய்விட்டது.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100-வது பிரிவு இருக்கிறது. மனநோயோடு ஆதரவின்றித் திரிகிறவர் என்றால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். குடும்பத்தைத் தேடுவது நிலைய அதிகாரியின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: "ஆண் காணவில்லை" என்று எந்த ஊரிலும் புகாரே இல்லை என்றால், இவரைத் தேட ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காணாமல் போனதே வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் அனுபவத்தில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவுப் பணி செவிலியர், சென்னை

முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா, அந்தச் செருப்பு பெரிய விஷயம்தான். ஒரு பக்கத்துச் செருப்பு மட்டும் தானாகக் கழல்கிறது என்றால் அந்தக் காலில் பலம் குறைந்திருக்கலாம். அதோடு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. தலையில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதன் மேலுறைக்குப் போகும் ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். குளியலறைக் கதவில் லேசாக இடித்துக்கொண்டால்கூடப் போதும், ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேரும். இடித்ததே எல்லாருக்கும் மறந்துபோன மூன்று நாலு வாரத்துக்கு அப்புறம் மறதி, தள்ளாட்டம், தூக்கம் என்று வரும். வயசாகிவிட்டது, மறதி நோய் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுகிறார்கள். ஒரு சி.டி. ஸ்கேன் போதும். ரத்தத்தில் சோடியம், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் இறங்கினாலே முதியவர்கள் ஆளே மாறிப்போவார்கள். நாளைக்கே கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இனி என் அனுபவம். ஒரு ராத்திரி ஐம்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருவரை அவர் கணவர் கூட்டிவந்தார். "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் அதே கேள்வி, அதே குரல், அதே ஏற்ற இறக்கம். தன் பெயர், கணவர் பெயர், பள்ளிக்கூடத்துப் பெயர் எல்லாம் சொன்னார். அன்றைக்குக் காலையிலிருந்து நடந்த எதுவும் அவருக்குள் நிற்கவில்லை. ஐந்து மணி நேரம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் திடீரென்று என் முகத்தைப் பார்த்து "ராத்திரி முழுக்க நீதானா இருந்தாய்?" என்றார். ஐம்பதுக்கு மேல் சிலருக்கு இப்படி வரும். ஒரு நாளைக்குள் தானாகச் சரியாகிவிடும். அந்த ஐந்து மணி நேரம் மட்டும் அவருக்குத் திரும்பி வரவே வராது.

சினிமாவில் காட்டுவதுபோல் பெயர் மட்டும் அழிந்து மற்றதெல்லாம் தெளிவாக இருப்பது மிக அபூர்வம். அதற்கும் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1887 ஜனவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆன்செல் போர்ன் என்ற போதகர் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு போனவர் காணாமல் போனார். பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் பிரவுன் என்ற பெயரில் ஒருவர் சின்னக் கடை வைத்து அமைதியாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் ஒரு காலை அந்த மனிதர் பதறி எழுந்து, நான் எங்கே இருக்கிறேன், என் பெயர் போர்ன் என்றார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் அவரை மனவசியத்தில் ஆழ்த்திக் கேட்டபோது அந்தப் பிரவுன் மறுபடி பேசினார். பெரும் மன அழுத்தத்தில் மனசு செய்கிற வேலை அது. உங்கள் பெரியவர் கதை அப்படித் தெரியவில்லை. எல்லாப் பெயருக்கும் ஆமாம் என்கிறவருக்குப் புத்தியே மங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கால்கள்! அதைப் படித்ததும் எனக்கு ஹென்ரி மொலைசன் என்ற நோயாளியின் நினைவு வந்தது. செவிலியர் படிப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. வலிப்புக்காக 1953-ல், 27 வயதில், அவர் மூளையின் இரு பக்கமும் உள்ளே ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2008-ல் இறக்கும்வரை புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து நட்சத்திரம் வரையவேண்டும். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு வரைந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கை கற்றது வேறோர் இடத்தில் இருக்கிறது. உங்கள் பெரியவருக்குப் பெயர் போய்விட்டது, தொழில் போகவில்லை. என்ன தொழில் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

இ-சேவை மையத்தில் இருப்பவன், விழுப்புரம் மாவட்டம்

ஆதாருக்குப் புதிதாகப் பதிந்து பாருங்கள் அம்மா. இல்லத்துக் கண்காணிப்பாளரின் சான்று இருந்தால் பதியலாம். ஏற்கெனவே எடுத்தவராக இருந்தால், கைரேகையும் கண்ணும் பழைய பதிவோடு பொருந்தி, புதியது நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்புதான் நமக்கு நல்ல செய்தி.

எங்கள் பக்கத்தில் குழந்தைகள் இல்லத்துப் பையன் ஒருவன். பேச்சு வராது. எல்லாக் குழந்தைகளுக்கும் பதியும்போது அவனுக்கும் பதிந்தேன். இரண்டு முறை நிராகரித்து வந்தது. என் மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மூத்த ஆபரேட்டர்தான், "அவனுக்கு எங்கேயோ ஒரு வீடு இருக்குப்பா" என்று சொன்னார். இல்லத்துக்காரர்கள் பெங்களூரு மண்டல அலுவலகத்துக்கு எழுதிப் பழைய பதிவைக் கண்டுபிடிக்கப் பல வாரம் ஆயிற்று. அவன் அப்பா வேறு மாநிலத்திலிருந்து வந்தார். பையன் அவரைப் பார்த்து ஓடவில்லை. மெதுவாகப் போய் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டான். அதில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பாராம்.

உழைத்த கையாக இருந்தால் ரேகை தேய்ந்திருக்கும். கண் பதிவை நன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.

தறிக்காரர் மகள், பவானியில் பிறந்து திருப்பூரில் இருப்பவள்

அக்கா, நான் இதைப் பஸ்ஸில் வரும்போது படித்தேன். அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்தவர் என்னவென்று கேட்டார்.

அவர் யாரையும் அறுக்கவில்லை. நெசவு முடிந்ததும் தறியிலிருந்து துணியை அறுத்து எடுப்போம். அறுத்துக் கொண்டுபோய் நெசவாளர் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்தால்தான் கூலி. தீபாவளி வந்தால் எங்கள் அப்பா ராத்திரி பகலாக உட்கார்ந்து இதையேதான் சொல்லுவார், நோம்பிக்குள்ள அறுக்கோணும் என்று. எங்கள் நோம்பித் துணி, பலகாரம், எல்லாம் அந்த அறுப்பில்தான் இருக்கும்.

கால் அசைவது குழித்தறி மிதி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்காருவது. ஒரு மிதியை அழுத்தினால், நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளில் பாதி மேலே போகும், பாதி கீழே இறங்கும். நடுவில் வழி திறக்கும். அந்த வழியில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். அடுத்த மிதியை அழுத்தினால் இழைகள் மாறிக்கொள்ளும். தையல் மிஷினில் இரண்டு காலும் சேர்ந்து ஆடும், இதில் மாறி மாறித்தான். அதனால்தான் மிஷின் நின்றுவிட்டது.

வலப்பக்கம் இடம் விடுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அகலமான ஜமக்காளத்தை ஒற்றை ஆளாக நெய்யமுடியாது. நாடாவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒருவரே எட்டி வாங்க முடியாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டும். இவர் தள்ள, அவர் வாங்கித் திருப்பித் தள்ள. எங்கள் வீட்டில் அப்பா இடப்பக்கம், அம்மா வலப்பக்கம். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் அப்பா கையை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்.

சாவியில் கட்டியிருக்கும் நூல் தடிமன், சிவப்பு, பச்சை என்றீர்கள். ஜமக்காளப் பட்டைக்குப் போடும் நூலாகத்தான் இருக்கும். பவானியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான். எனக்கு எண்பது சதவீதம் நம்பிக்கை. போட்டோவை எனக்கு மட்டும் அனுப்புங்கள். என் அண்ணன் அங்கேதான் இருக்கிறான். சங்கத்தில் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நெய்த வீடுகள் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். தெரியாமல் போகாது.

திருச்சியிலிருந்து, மூன்று நாள் கழித்து

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

செவிலியர் தங்கை சொன்னபடி மறுநாள் காலையே கூட்டிப் போனோம். முதலில் பார்த்த இடத்தில் வயசுக் கோளாறு என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. செருப்பைக் கழற்றிக் காட்டி, நடக்கச் சொல்லிப் பாருங்கள் என்றேன். ஒரு சின்ன வயது டாக்டர் எழுந்து வந்து, இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இடதுகை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அவர் முகம் மாறியது. ஸ்கேனில் வலப்பக்கம் பிறை மாதிரி ஒரு பெரிய நிழல். ரத்தக்கட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, காலையில் ஆபரேஷன் என்றார்கள்.

உறவினர் கையெழுத்து என்ற கட்டத்தில் மறுபடியும் கோடு. யாரும் இல்லையென்றால் டாக்டர்களே முடிவெடுத்துச் செய்வோம், பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள். ஆனாலும் அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சாயங்காலத்திலிருந்து சரியாகப் பேசாமல் தூங்கிக்கொண்டே இருந்தார். கால் மட்டும் போர்வைக்குள் அசைந்தது. பதினொரு மணிக்குமேல் வலதுகால் மட்டும் அழுத்தியது, இடதுகால் எழவில்லை. அந்தச் சீர் நின்றதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஓடினேன்.

பன்னிரண்டரைக்குத் தறிக்காரர் மகளிடமிருந்து போன். சங்கத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி, அவள் அண்ணன் போட்டோவைக் காட்டியிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிட்டாராம். பெயர், அப்பா பெயர், தெரு. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. முருகனும் இல்லை, பழனிச்சாமியும் இல்லை.

கட்டிலருகே குனிந்து அந்தப் பெயரைச் சொன்னேன். ஆமாங்க என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். மறுபடி மூடிக்கொண்டார்.

விடியற்காலை நாலரைக்கு மகன் வந்தார். கரூரிலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார். இருபத்திரண்டு நாளாக அப்பா ஈரோட்டில் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். அக்காவோ அப்பா கரூரில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். அம்மா இறந்தபிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தலைமைக் காவலர் ஐயா எழுதியதுதான் அப்படியே நடந்திருக்கிறது. புகார் கொடுக்க, அவர் காணாமல் போனதே யாருக்கும் தெரியாது. கரூர் ஸ்டேஷனில் ஈரோட்டுக்குப் போகவேண்டிய மனுஷர் எதிர்த்திசையில் திருச்சி வண்டியில் ஏறியிருக்கிறார். தலையில் எப்போது அடிபட்டது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, அதற்கு ஒரு மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கினார், ரத்தம்கூட வரவில்லை, தைலம் தேய்த்துவிட்டோம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையெழுத்துப் போடும்போது பேனா கீழே விழுந்துகொண்டே இருந்தது. நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் பேசவில்லை.

திருச்சியிலிருந்து, கடைசியாக

பலர் கேட்டிருந்தீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நாலாவது நாள் பேசினார். "இது எந்த ஊருங்க?" என்பதுதான் முதல் வார்த்தை. இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அப்புறம் டாக்டர் பெயர் கேட்டதும் முழுப்பெயரை இனிஷியலோடு சொன்னார். ஆதாருக்கு எழுதிய விண்ணப்பத்தை நிறுத்திவிட்டோம். விழுப்புரம் தம்பி, உங்கள் யோசனை வீண்போகவில்லை. எங்கள் இல்லத்தில் ஊர் விலாசம் தெரியாத இன்னும் இரண்டு பேருக்கு இந்த வாரம் பதிகிறோம்.

நேற்று பவானிக்குப் போய்வந்தேன். தறிக்காரர் மகள் திருப்பூரிலிருந்து வந்து வழி காட்டினாள். இறங்கியதும், ஆறுகள் சேரும் கூடுதுறையில் கால் நனைத்துவிட்டுத்தான் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. மகளும் மகனும் இருவருமே அங்கே இருந்தார்கள்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. இல்லம், பெஞ்சு, தையல் மிஷின் எதுவும் தெரியவில்லை. அந்த மூன்று வாரம் அவரிடம் இல்லை. செவிலியர் தங்கை முன்பே சொல்லியிருந்ததால் தயாராகத்தான் போனேன். ஆனாலும் "நீங்க யாருங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேரு கேட்டார். ஊரு கேட்டார். சொன்னேன். "திருச்சீங்களா, தூரமாச்சே" என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தச் சாவி அவர் கையில்தான் இருந்தது. அம்மா போனதிலிருந்து பூட்டிக்கிடந்த உள்ளறையை இப்போது தினமும் ஒரு தடவை திறக்கிறாராம். எங்களுக்கும் திறந்து காட்டினார். தறி அப்படியே இருந்தது. பாவு இல்லை, வெறும் மரச்சட்டம். குழியின் விளிம்பில் உட்கார்ந்து பழக்கத்தில் காலை உள்ளே இறக்கினார். இடப்பக்கம்தான். வலப்பக்கத்தைக் கையால் தட்டித் தூசி துடைத்துவிட்டு, "உக்காருங்க அம்மிணி" என்றார்.

உட்கார்ந்தேன். நாடாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வழவழவென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவர் கையை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.